கேபிளின் வெளிப்பக்கத்தில் ஓடும் மின்னோட்டம்: வெள்ளவத்தை மாடி வீட்டு டைபோலுக்கு ஒரு பதில்

வெள்ளவத்தையில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெச்சூர் வானொலி லைசன்ஸ் கிடைத்துச் சில மாதங்கள்தானாம். மொட்டை மாடியில் 40 மீற்றர் பட்டைக்கான (7 மெகாஹேர்ட்ஸ்) டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணையும் இரு கைக் கம்பி அன்ரெனா ஒன்றை, தலைகீழ் வி வடிவில் கட்டியிருக்கிறார். அதிலிருந்து ஏறத்தாழ 20 மீற்றர் ஆர்.ஜி.58 என்ற கோஆக்சியல் கேபிள் (நடுக்கம்பியும் அதைச் சுற்றிய வெளிப்பின்னலும் உள்ளது) சுவரோரமாக இறங்கி ஜன்னல் வழியாக அறைக்குள் வருகிறது. அனுப்பும் வலு எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3 (ஒன்று என்றால் எதுவும் திரும்பவில்லை). ஆனால் 50 வாட்டை நெருங்கினால் மடிக்கணினியின் யூ.எஸ்.பி. இணைப்பு அறுந்து எஃப்.ரி.8 என்ற கணினி வழித் தொடர்பு நின்றுவிடுகிறது. அம்மா பார்க்கும் ரீவியின் ஸ்பீக்கர் கரகரக்கிறது. மைக்கின் உலோகப் பகுதி உதட்டில் பட்டால் சுருக்கென்று தைக்கிறது. மாலையானால் ரேடியோவின் சிக்னல் அளவு காட்டும் எஸ் மீற்றரில் இரைச்சல் எஸ் 8 வரை ஏறுகிறது. ஒருவர் கேபிளின் நீளத்தை மாற்றச் சொன்னாராம், இன்னொருவர் நல்ல எர்த் போடச் சொன்னாராம், மூன்றாமவர் எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதால் அன்ரெனாவில் பிழையே இல்லை என்றாராம். எதைச் செய்வது என்று கேட்கிறார்.

தம்பி, அந்த மூன்றையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். டைபோலின் நடுவில், கேபிள் இணையும் அதே இடத்தில், நல்ல ஃபெரைட் சோக் ஒன்று, அதாவது ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் கேபிளைச் சுற்றிய தடுப்பு, போடுங்கள். கேபிள் ஜன்னலுக்குள் நுழையும் இடத்தில் இன்னொன்று. நீங்கள் எழுதிய நாலு தொல்லைக்கும் முதல் மருந்து இதுதான். ஏன் என்பதைப் புரிந்துகொண்டு செய்தால் நாளைக்கு வேறு வீட்டுக்குப் போனாலும், வேறு அன்ரெனா கட்டினாலும் உதவும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோஆக்சியல் கேபிளில் இரண்டு கடத்திகள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். உயர் அதிர்வெண்ணில் அது மூன்று. 7 மெகாஹேர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 0.025 மில்லிமீற்றர் ஆழத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆகவே வெளிப்பின்னலின் உட்பக்கமும் வெளிப்பக்கமும் நடைமுறையில் இரண்டு தனித்தனிக் கடத்திகள். நடுக்கம்பியில் போகும் மின்னோட்டமும் பின்னலின் உட்பக்கத்தில் ஓடும் மின்னோட்டமும் அளவில் சமம், திசையில் எதிர். கேபிளுக்குள் இருக்கும்வரை இவை வெளியே கதிர்வீசுவதில்லை.

சிக்கல் கேபிளின் மேல் முனையில் தொடங்குகிறது. நடுக்கம்பியின் மின்னோட்டம் முழுவதும் டைபோலின் ஒரு கைக்குப் போகிறது, அதற்கு வேறு வழி இல்லை. பின்னலின் உட்பக்க மின்னோட்டத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டைபோலின் மற்றக் கை. மற்றது, பின்னலின் விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கத்துக்கு வந்து கேபிளோடு கீழே இறங்குவது. எந்த வழியில் இம்பீடன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்கான மொத்தத் தடை) குறைவோ அந்த வழியில் கூடுதலாகப் போகும். இப்படி வெளிப்பக்கத்தில் இறங்குவதைத்தான் கொமன் மோட் மின்னோட்டம் என்கிறோம். உங்கள் டைபோலுக்கு மூன்றாவது கை ஒன்று முளைத்திருக்கிறது. அந்தக் கை உங்கள் மேசையில், மடிக்கணினிக்குப் பக்கத்தில் முடிகிறது. யூ.எஸ்.பி. அறுவதும் மைக் தைப்பதும் அதனால்தான். ரேடியோவின் உலோக உடல், மைக் வயர், யூ.எஸ்.பி. வயர் எல்லாமே அந்த மூன்றாவது கையின் நீட்சி.

இன்னொரு வழியாகவும் இந்த மின்னோட்டம் வரும். டைபோல் வீசும் புலத்துக்குள்ளேயே கேபிள் தொங்குகிறது. இரண்டு கைக்கும் சரியான செங்குத்தில், சரியான நடுவில் கேபிள் இறங்கினால் இரு பக்கத்துத் தூண்டலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மாடி வீட்டில் அப்படி இறக்க முடியாது. ஒரு கைக்குப் பக்கத்தில் இரும்புக் கைப்பிடி, மற்றக் கைக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தாங்கி, கேபிள் ஒரு கையின் கீழாகச் சாய்ந்து போய்ச் சுவரில் இறங்கும். மேல் முனையில் எவ்வளவு நல்ல சோக் போட்டாலும் இந்தத் தூண்டலை அது முழுவதும் நிறுத்தாது. ஜன்னலில் இரண்டாவது சோக் கேட்டது அதனால்தான்.

இப்போது உங்களுக்குக் கிடைத்த மூன்று ஆலோசனைகளையும் பார்ப்போம்.

கேபிளின் நீளத்தை மாற்றுவது. கேபிளின் வெளிப்பக்கம் ஒரு நீண்ட கம்பிதானே, அதன் நீளத்தைப் பொறுத்து மேல் முனையில் இம்பீடன்ஸ் மாறும். 7.1 மெகாஹேர்ட்ஸில் அலை நீளம் ஏறத்தாழ 42 மீற்றர். கேபிளின் கீழ் முனை உண்மையிலேயே தரையோடு ஒட்டியிருந்தால், அரை அலை, அதாவது 21 மீற்றருக்குச் சற்றுக் குறைவான நீளம் மிக மோசம். கீழே உள்ள குறைந்த இம்பீடன்ஸ் அப்படியே மேலே தெரியும், மின்னோட்டம் தாராளமாக இறங்கும். கீழ் முனை எதனோடும் சேராமல் அந்தரத்தில் இருந்தால் கால் அலை நீளம் மோசம். இந்தக் கணக்கில் பலர் 0.66 என்ற வேகக் காரணியை (அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பது) போட்டுவிடுகிறார்கள். அது கேபிளின் உள்ளே இருக்கும் பொலிதீனுக்கு உரியது. வெளிப்பக்கத்தில் மெல்லிய உறையும் காற்றும்தான், அங்கே காரணி ஒன்றுக்குக் கிட்ட.

உங்கள் கேபிள் ரேடியோவோடு முடியவில்லை. ரேடியோவிலிருந்து பவர் சப்ளை, அதிலிருந்து மின்சார எர்த் வயர், அது குழாய்க்குள்ளே இரண்டு மாடி இறங்கி மற்ற வீடுகளின் வயரிங்கோடு சேர்கிறது. மடிக்கணினியின் சார்ஜரைச் செருகினால் ஒரு கணக்கு, கழற்றினால் இன்னொரு கணக்கு. எது தரை, எது அந்தரம் என்று சொல்ல முடியாத இந்த இடத்தில் கேபிளை வெட்டி ஒட்டி ஒரு நல்ல நீளத்தைக் கண்டுபிடித்தாலும் அது ஒரு பட்டைக்கு மட்டும்தான் சரி. அடுத்த மாதம் 20 மீற்றர் பட்டைக்கு இன்னொரு டைபோலைச் சேர்த்தால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எர்த் போடுவது. இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து கீழே தரையில் அடித்த கம்பிவரை எட்டு முதல் பத்து மீற்றர் வயர் ஓடும். 40 மீற்றர் பட்டையில் கால் அலை நீளம் 10.5 மீற்றர். கீழ் முனையில் தரையைத் தொட்ட கால் அலைக் கம்பி மேல் முனையில் மிக உயர்ந்த இம்பீடன்ஸாகத் தெரியும். அதாவது உங்கள் அறையில் அது எர்த்தாகவே இருக்காது, இன்னொரு கதிர்வீசும் கம்பியாக இருக்கும். இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: 230 வோல்ட் மின்சாரத்தின் பாதுகாப்பு எர்த் வேறு விஷயம். இரைச்சல் குறைகிறது, மைக் தைப்பது நிற்கிறது என்று அந்த எர்த்தைக் கழற்றிவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. தயவுசெய்து ஒருபோதும் அதைச் செய்யாதீர்கள். அது உயிரைக் காக்க இருக்கிறது.

எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பது. உங்கள் மீற்றர் பார்ப்பது கேபிளின் உள்ளே நடப்பதை மட்டும்தான். மூன்றாவது கையும் சேர்ந்து 50 ஓமுக்குப் பக்கத்தில் வந்தால் மீற்றர் 1.3 என்று மகிழ்ச்சியாகக் காட்டும். அதனால் ஓர் எச்சரிக்கை: சோக் போட்டபின் உங்கள் எஸ்.டபிள்யூ.ஆர். கூடலாம், அது மிகக் குறைவாக வரும் அதிர்வெண்ணும் நகரலாம். அன்ரெனா கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துச் சோக்கைக் கழற்றிவிடுகிறவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன், அது எனக்கு உண்மையில் வருத்தமான விஷயம். மூன்றாவது கையை நீக்கியபின் தெரிவதுதான் டைபோலின் சொந்த எண். தலைகீழ் வி வடிவில், தட்டையான சிமெந்துக் கூரைக்குச் சில மீற்றர் மேலே இருக்கும் டைபோல் சரியாக 50 ஓம் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு கையையும் சமமாகக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ அதிர்வெண்ணைச் சரிசெய்யுங்கள். மொத்த நீளத்துக்குத் தொடக்கக் கணக்கு 143ஐ மெகாஹேர்ட்ஸால் வகுப்பது, 7.1க்கு ஏறத்தாழ 20.1 மீற்றர் வரும். 1.7 வந்தால்கூட அப்படியே விடலாம். இந்த நீளக் கேபிளில், இந்த அதிர்வெண்ணில், அதனால் இழப்பது மிகச் சிறிது.

போடும் முன் ஒரு சின்னச் சோதனை. 5 வாட்டில் கரியரை (பேச்சு இல்லாத வெறும் அலையை) அனுப்பிக்கொண்டு எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரைப் பாருங்கள். வேறொருவர் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டு அதன் வழியே நகரட்டும். மீற்றர் அசைந்தால் கேபிளின் வெளிப்பக்கம் அன்ரெனாவின் பாகமாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு மீற்றர் கேபிளை இடையில் சேர்த்துப் பார்ப்பதும் இதே சோதனைதான். வெளிப்பக்கத்தில் மின்னோட்டம் இல்லையென்றால், நீளம் கூடினாலும் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும்.

இதைவிடத் திருத்தமாக அளக்க ஒரு கருவி வீட்டிலேயே செய்யலாம். திறந்து மூடும் ஃபெரைட் கிளிப் ஒன்றின் ஒரு பாதியில் மெல்லிய இனாமல் வயரால் பத்துச் சுற்று. அதன் இரு முனைக்கும் குறுக்கே 47 ஓம் தடை. பிறகு ஒரு ஜெர்மானியம் அல்லது ஷொட்கி டையோடு, 0.01 மைக்ரோஃபரட் கொள்ளளவி, அதன் குறுக்கே மல்ட்டி மீற்றர் டி.சி. வோல்ட்டில். கிளிப்பைக் கேபிளின் மேல் மாட்டினால், கேபிளின் உள்ளே போகும் சம மின்னோட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வெளிப்பக்க மின்னோட்டம் மட்டும் தெரியும். கேபிளில் 100 மில்லி அம்பியர் ஓடினால் பத்துச் சுற்றில் 10 மில்லி அம்பியர், 47 ஓமில் 0.47 வோல்ட். டையோடில் கொஞ்சம் போனாலும் மீற்றரில் தெளிவாகத் தெரியும். 50 வாட், 50 ஓம் என்றால் டைபோலுக்குள் போவது சரியாக ஓர் அம்பியர். ஆக 100 மில்லி அம்பியர் என்பது பத்தில் ஒரு பங்கு. கேபிளில் ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு முடிவு சொல்லாதீர்கள். இது நிலை அலை, ஓரிடத்தில் உச்சம், இன்னோரிடத்தில் ஏறக்குறைய பூச்சியம். எட்டும் நீளம் முழுவதும் நகர்த்திப் பார்த்து எழுதிவையுங்கள். சோக் போட்டபின் அதே இடங்களில் திரும்ப அளக்கலாம்.

சரி, சோக்குக்கு வருவோம். கேபிளையே ஃபெரைட் வளையத்தில் சுற்றினால், உள்ளே ஓடும் சமமான இரண்டு மின்னோட்டங்களுக்கும் வளையம் இருப்பதே தெரியாது. வெளிப்பக்க மின்னோட்டத்துக்கு மட்டும் அது பெரிய இம்பீடன்ஸாக நிற்கும். மேலே சொன்ன இரண்டு வழிகளில் ஒன்றை இப்படி அடைத்துவிடுகிறோம். சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் குவனெல்லா 1944இல் எழுதிய மின்னோட்ட வகைப் பேலனின் (சமச்சீரான அன்ரெனாவைச் சமச்சீரற்ற கேபிளோடு இணைக்கும் கருவி) அடிப்படை இதுதான். 1983இல் அமெரிக்க அமெச்சூர் வால்டர் மக்ஸ்வெல் மெல்லிய கேபிளின் மேல் ஐம்பது ஃபெரைட் மணிகளைக் கோத்து அதையே இன்னும் எளிதாக்கினார்.

எவ்வளவு ஓம் வேண்டும்? 500 ஓம் போதும் என்று பழைய விதி ஒன்று உண்டு, கேபிளின் 50 ஓமைப் போல் பத்து மடங்கு என்ற கணக்கு. என் கருத்தில் அது போதாது. 50 வாட்டில் டைபோலின் நடுவில் 50 வோல்ட் நிற்கும். கேபிளின் வெளிப்பக்கத்தைத் தள்ளுவது தோராயமாக அதன் பாதி, 25 வோல்ட். கேபிளின் சொந்த இம்பீடன்ஸை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 200 ஓம் தடையுள்ள சோக்கில் 125 மில்லி அம்பியர் ஓடும், சோக் 3 வாட் சூடாகும். 5,000 ஓமில் 5 மில்லி அம்பியர்தான் ஓடும், சூடு 0.125 வாட். இதைக் கவனியுங்கள். தடை கூடக் கூட மின்னோட்டமும் குறைகிறது, சோக்கின் சூடும் குறைகிறது. சோக் சுடுகிறது என்று சுற்றைக் குறைப்பது நேர் எதிரான வைத்தியம். எஃப்.ரி.8இல் ஒவ்வொரு 15 விநாடியிலும் 12.64 விநாடி முழு வலுவில் அனுப்புகிறீர்கள், வெள்ளவத்தை வெயிலில் கூரைமேல் இருக்கும் பெட்டி ஏற்கெனவே கொதிக்கும். ஆகவே சூடு இங்கே சும்மா ஒதுக்கிவிடக்கூடிய விஷயம் இல்லை. சில ஆயிரம் ஓம் என்ற இலக்கோடு செய்யுங்கள்.

ஓமின் அளவோடு அதன் வகையும் முக்கியம், பலர் தவறவிடுவது இங்கேதான். ஃபெரைட் இல்லாமல் பி.வி.சி. குழாயில் கேபிளைச் சுற்றிச் செய்யும் காற்றுச் சோக்கைப் பார்த்திருப்பீர்கள். 110 மில்லிமீற்றர் குழாயில் ஆர்.ஜி.58ஐ நெருக்கமாகப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் நாலரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாகக் கேபிள் போகும், தூண்டம் ஏறத்தாழ 17 மைக்ரோஹென்றி, 7.1 மெகாஹேர்ட்ஸில் 750 ஓம். காசு செலவில்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 750 ஓம் முழுவதும் தூண்டல் வகை. கேபிளின் வெளிப்பக்கம் மேல் முனையில் கொள்ளளவு வகை இம்பீடன்ஸாகத் தெரியும் நீளத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சோக் போட்டபின் மின்னோட்டம் கூடும்! அப்படி நடந்த வீடுகளில் சோக்கால் பயனில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஃபெரைட்டின் இழப்பு தரும் தடையை எந்த நீளக் கேபிளாலும் கழிக்க முடியாது. அதனால்தான் இந்த வேலைக்கு இழப்புள்ள ஃபெரைட்டே நல்லது. வேறு இடங்களில் குறையாக எண்ணப்படும் இழப்பு இங்கே நமக்கு வேண்டிய குணம்.

எந்த ஃபெரைட்? 31ஆம் கலவை அல்லது 43ஆம் கலவை. வெளி விட்டம் 2.4 அங்குலம், அதாவது 61 மில்லிமீற்றர் உள்ள வளையம். 80 மீற்றர், 40 மீற்றர் பட்டைகளுக்கு 31 ஒரு படி மேல். 20 மீற்றரிலிருந்து மேலே போவதென்றால் 43 நன்றாக இருக்கும். 40இல் இரண்டும் வேலை செய்யும். ஆர்.ஜி.58 கேபிளால் பதினொன்று, பன்னிரண்டு சுற்று. வளையத்தின் துளைக்குள் கேபிள் எத்தனை முறை போகிறதோ அத்தனை சுற்று, இதில் பலருக்குக் கணக்குத் தவறும். இதற்கு மேல் சுற்றுக் கூட்டாதீர்கள். சுற்றுகளுக்கு இடையிலான கொள்ளளவு கூடி உச்சம் கீழ் அதிர்வெண்ணுக்கு நழுவிவிடும். நுரைப்பொலிதீன் உள்ள கேபிளை இப்படி இறுக்கிச் சுற்றக் கூடாது, நடுக்கம்பி நாளடைவில் பக்கத்துக்கு நகரும். கைக்குக் கிடைத்தால் ஆர்.ஜி.316 என்ற மெல்லிய டெஃப்லோன் கேபிள் இந்த வேலைக்கு அருமை. உங்கள் 100 வாட் ரேடியோவுக்குத் தாராளம்.

ஃபெரைட் கிளிப்களை நேராக ஓடும் கேபிளில் மாட்டுவது பற்றி: அவை பெரும்பாலும் 100 மெகாஹேர்ட்ஸுக்குப் பக்கத்து இரைச்சலுக்காகச் செய்தவை. 7 மெகாஹேர்ட்ஸில் ஒரு கிளிப் தருவது சில பத்து ஓம். இம்பீடன்ஸ் சுற்றின் வர்க்கத்தோடு கூடுகிறது, ஆகவே ஒரே வளையத்தில் பத்துச் சுற்று என்பது ஏறக்குறைய நூறு கிளிப்புக்குச் சமம். ஏழெட்டுக் கிளிப் வாங்கும் காசுக்கு ஒரு நல்ல வளையம் வாங்கிவிடலாம்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடினால் பழைய ஃபெரைட்டுகள் கிடைக்கும். கலவை என்னவென்று அதில் எழுதியிருக்காது. கணினி பவர் சப்ளையிலிருந்து கழற்றிய, ஒரு பக்கம் வெள்ளையும் மற்றதெல்லாம் மஞ்சளுமான வளையங்களை வாங்காதீர்கள். அவை ஃபெரைட்டே இல்லை, இரும்புத்தூள். இந்த வேலைக்கு உதவாது. மற்றவற்றை அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இன்றைக்குப் பல நண்பர்களிடம் நனோ வி.என்.ஏ. என்ற கையடக்க அளவுக் கருவி இருக்கிறது, ஒரு மாலைக்குக் கேட்டு வாங்கலாம். சுற்றிய கேபிளின் ஒரு முனைப் பின்னலை முதல் போர்ட்டின் நடுமுனையிலும், மறு முனைப் பின்னலை இரண்டாவது போர்ட்டின் நடுமுனையிலும் இணைத்து, ஊடு இழப்பைப் பாருங்கள். 21 டெசிபெல் இழப்பு என்றால் ஏறத்தாழ 1,000 ஓம், 34 டெசிபெல் என்றால் 5,000 ஓம். இணைப்பு வயர்கள் சில சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும், சோக்கை மேசையின் உலோகத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நீண்ட வயரில் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இணையத்தில் ஆயத்தமாக விற்கும் 1:1 பேலன் வாங்குவதானால், அது மின்னோட்ட வகையா என்று கேளுங்கள். மின்னழுத்த வகை இரண்டு கையின் வோல்ட்டையும் சமமாக்கும். கைகளின் சூழல் சமமாக இல்லாத உங்கள் கூரையில் அதனால் மின்னோட்டம் சமமாகாது. 4:1 பேலன் இந்த டைபோலுக்குத் தேவையே இல்லை.

பெட்டி செய்யும்போது கடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ரயில் பாதைதான். உப்புக் காற்று கனெக்டருக்குள் புகுந்தால் பின்னல் கறுத்து, பிறகு பச்சையாகி, ஈரம் கேபிளுக்குள் மீற்றர் கணக்கில் ஏறிவிடும். மின் வேலைக்கு விற்கும் பி.வி.சி. பெட்டி போதும். கனெக்டர் அடிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அடியில் ஒரு சிறு துளை விடுங்கள், உள்ளே சேரும் ஈரம் வடிய. முழுவதும் அடைத்த பெட்டிக்குள் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் நடுவில் தண்ணீர் எப்படியும் சேரும். ஆணிகள் துருப்பிடிக்காத எஃகு. டைபோல் கைகளின் இழுவை பெட்டியின் மேல் விழட்டும், சோக்கின் வயர் மேல் விழக் கூடாது. கனெக்டரைச் சுற்றித் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப், அதன் மேல் சாதாரண பி.வி.சி. டேப்.

ஜன்னலில் போடும் இரண்டாவது சோக்கும் இதே மாதிரிதான், பெட்டி இவ்வளவு தேவையில்லை. மேலிருந்து இறங்கும் கேபிளை முடிந்தவரை டைபோலின் கைகளிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள், ஒரு கைக்கு இணையாகக் கைப்பிடிச் சுவரில் ஓட விடாதீர்கள். இவ்வளவும் செய்தபிறகும் யூ.எஸ்.பி. அறுந்தால், யூ.எஸ்.பி. வயரைக் குட்டையாக வாங்கி, சின்ன வளையமொன்றில் ஐந்தாறு சுற்றுப் போடுங்கள். பவர் சப்ளையின் வயருக்கும் அதே. ரீவி ஸ்பீக்கர் வயருக்கும் போடலாம், ஆனால் முதலில் மேல் சோக். மூலத்தை விட்டுவிட்டு வீட்டிலுள்ள ஒவ்வொரு வயருக்கும் ஃபெரைட் மாட்டிக்கொண்டு போனால் முடிவே இருக்காது. தொடர்மாடியில் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரும் கரகரக்கத் தொடங்கினால், நல்லுறவும் போகும், கூரையில் அன்ரெனா வைக்கக் கிடைத்த அனுமதியும் போகும்.

இரைச்சலைப் பற்றிக் கடைசியில் எழுதினாலும், கொழும்பில் இருக்கும் நமக்குச் சோக்கின் பெரிய லாபம் அதுதான் என்று நினைக்கிறேன். வெளிப்பக்கம் அனுப்பும்போது கதிர்வீசும் என்றால், வாங்கும்போதும் அது அன்ரெனாதான். உங்கள் கேபிள் இரண்டு மாடிச் சுவரோரமாக, எல்.ஈ.டி. விளக்கு, ரூட்டர் அடப்டர், கைபேசி சார்ஜர், லிஃப்ட் மோட்டார், கூரைச் சோலார் இன்வேர்ட்டர் எல்லாவற்றுக்கும் பக்கமாக இறங்குகிறது. அவற்றின் இரைச்சல் மின்சார எர்த் வழியாகவும் காற்று வழியாகவும் பின்னலின் வெளிப்பக்கத்தில் ஏறி, மேலே டைபோலின் நடுவரை போய், அங்கே விளிம்பைச் சுற்றி உள்ளே நுழைந்து, சிக்னலோடு சேர்ந்து ரேடியோவுக்கு இறங்கி வருகிறது. மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியத் தொடங்க, எஸ் 8. மேல் சோக் அந்த நுழைவாயிலைத் தடுக்கிறது.

எஸ் 8 எல்லாம் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். டைபோல் நேரடியாக வாங்கும் இரைச்சலுக்குச் சோக் ஒன்றும் செய்யாது. வெப்ப மண்டலத்தில் மாலை 7 மெகாஹேர்ட்ஸில் இடி மின்னலின் இயற்கை இரைச்சலும் உண்டு. உங்கள் வீட்டுப் பங்கு எவ்வளவு என்று அறிய, ரேடியோவை 12 வோல்ட் பற்றரியில் ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை ஐந்து நிமிடம் அணைத்துப் பாருங்கள், அம்மாவிடம் சொல்லிவிட்டு. எஸ் மீற்றர் இறங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளே. ஒவ்வொன்றாகப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஓர் எஸ் அலகு என்பது 6 டெசிபெல். மூன்று அலகு குறைந்தாலே இதுவரை கேட்காத நிலையங்கள் கேட்கத் தொடங்கும். உங்கள் அனுப்பும் வலுவைக் கூட்டி இதைப் பெற முடியாது.

நுனியில் ஊட்டும் அரை அலைக் கம்பிக்கு இந்த ஆலோசனையை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே திரும்பு மின்னோட்டத்துக்கு ஏதாவது ஒரு வழி வேண்டும். பெரும்பாலும் கேபிளின் வெளிப்பக்கமே அந்த வழி. சோக்கை, கம்பியையும் கேபிளையும் இணைக்கும் ட்ரான்ஸ்ஃபோமரின் காலடியில் வைக்காமல், அலை நீளத்தில் ஏறத்தாழ 0.05 பங்கு, 40 மீற்றர் பட்டைக்கு இரண்டு மீற்றர் கீழே வைப்பது வழக்கம்.

சோக் மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் கிழக்கே மேகம் கறுத்தால் கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கூரையில் வேலை செய்யும்போது இன்னொருவர் கூட இருக்கட்டும், மின்சாரக் கம்பி ஓடும் பக்கத்துக்கு டைபோலின் நுனி ஒருபோதும் போகக் கூடாது.

முதலில் கேபிள் மின்னோட்டத்தையும் மாலை இரைச்சலையும் அளந்து எழுதுங்கள். பிறகு மேல் சோக்கை மட்டும் போட்டு, அதே நேரத்தில், அதே அதிர்வெண்ணில் திரும்ப அளந்து, ஜன்னல் சோக்கை அதற்குப் பிறகு சேருங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால் எது எவ்வளவு செய்தது என்று தெரியாது. அந்த எண்களை அனுப்பினால், ஜன்னலில் ஒரு வளையம் போதுமா, இரண்டு வேண்டுமா என்று சொல்கிறேன்.